கருப்பு நிக்கான் எஃப்எம்: பொறித்த எழுத்தில் உதிர்ந்த பெயிண்ட்டைத் திரும்ப நிரப்புவது எப்படி?

ரோல்36:

கருப்பு பாடி நிக்கான் எஃப்எம் ஃபிலிம் கேமரா ஒன்று, 50மிமீ எஃப்1.8 ஏஐ-எஸ் வகை லென்ஸோடு. ஷட்டர், மீட்டர் இரண்டும் சரியாக இருக்கின்றன, எழுத்துதான் பிரச்சினை. பென்டாபிரிசம் (கேமராவின் உச்சியில் உள்ள கூம்பு) முகப்பில் உள்ள கம்பெனிப் பெயரின் நடு எழுத்துகளில் வெள்ளை உதிர்ந்து வெறும் பள்ளம் தெரிகிறது. ஷட்டர் வேக டயலில் 60, 250 மங்கல். சிவப்பு 125 இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. லென்ஸின் அபர்ச்சர் (ஒளித் துளை) வளையத்தில் 11, 16, 22 மூன்றும் பழுப்பாகிக் கிடக்கின்றன.

எந்த பெயிண்ட் வாங்குவது? வீடியோக்களில் ஒருவர் நெயில் பாலிஷ் என்கிறார், ஒருவர் ஒயிட்னர் என்கிறார், ஒருவர் மெழுகு க்ரேயான் போதும் என்கிறார். டயலையும் வளையத்தையும் கழற்றாமல் செய்ய முடியுமா? கூடவே ஜோர்க்கி-4 என்ற பழைய சோவியத் கேமரா ஒன்று இருக்கிறது. அதன் வேக டயலிலும் எண்கள் பாதி அழிந்துவிட்டன. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தானா?

பித்தளைவிளிம்பு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. எழுத்து பொறித்ததா, மேலே அச்சிட்டதா என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். 10 மடங்கு லூப்பில் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி), விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். பள்ளத்தின் ஒரு கரையில் நிழலும் மறுகரையில் வெளிச்சமும் விழுந்தால் பொறித்தது. நகத்தை மெதுவாக இழுத்தாலும் தட்டும். எஃப்எம் பிரிசத்தின் பெயர் பொறித்தது, நீங்களே பள்ளம் தெரிகிறது என்கிறீர்கள். அதுவரை நல்ல செய்தி. எழுத்தின் வடிவத்தை நீங்கள் வரைய வேண்டியதில்லை, பள்ளம் பார்த்துக்கொள்ளும். பெயிண்ட்டை உள்ளே விட்டு மேலே வழிந்ததை எடுத்தால் முடிந்தது.

ஆனால் இதில் பெயிண்ட் பூசுவது பத்தில் ஒரு பங்கு வேலை. மிச்சமெல்லாம் முன்னால் சுத்தம் செய்வதும் பின்னால் துடைப்பதும்தான். சொதப்பலெல்லாம் இந்த இரண்டில்தான் வருகிறது.

சுத்தம்: மங்கிய எழுத்தில் பாதி உண்மையில் மங்கவே இல்லை. விரல் எண்ணெய், வியர்வை, தூசி மூன்றும் சேர்ந்து பெயிண்ட்டின் மேல் பழுப்பாக உறைந்திருக்கும். லைட்டர் ஃப்ளூயிட் (நாஃப்தா) ஒரு பட்ஸில் தொட்டு, டிஷ்யூவில் ஒற்றி, ஈரம் மட்டும் மிச்சம் இருக்கும்போது எழுத்தின் மேல் உருட்டுங்கள். தேய்க்காதீர்கள், உருட்டுங்கள். பிறகு மரப் பல்குத்தும் குச்சியின் முனையைச் சாய்வாக சீவி, அதே ஃப்ளூயிட்டில் நனைத்து, பள்ளத்தின் ஓட்டத்திலேயே இழுங்கள். உங்கள் லென்ஸின் 11, 16, 22 இதிலேயே பாதி மீளும் என்று நினைக்கிறேன். நிறம் வெளியே வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனி போட்ட பெயிண்ட் இருக்கும்போது அதன் மேல் நம் பெயிண்ட் எதற்கு?

ஊசி, குண்டூசி, ப்ளேடு கூடவே கூடாது. பிரிசத்துக்கு அடியில் பித்தளை. கரையில் ஒரு கீறல் விழுந்தால் மஞ்சள் கோடு. லென்ஸ் வளையம் கருப்பு அனோடைஸ் செய்த அலுமினியம். அங்கே கீறினால் வெள்ளிக் கோடு. இரண்டையும் பிறகு மறைக்க முடியாது.

சால்வென்ட் விஷயத்தில் கை நடுங்க வேண்டியது இங்கேதான். நாஃப்தா பெரும்பாலான கேமரா பெயிண்ட்டை ஒன்றும் செய்யாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் எஃப்எம் மாதிரி சூளையில் சுட்ட பெயிண்ட்டில் நொடிக்கணக்கில் பட்டால் பரவாயில்லை. ஆனால் 1950களின் சில கருப்பு லாக்கர் (வார்னிஷ் போன்ற பூச்சு) பெயிண்ட்களையும், அச்சிட்ட எழுத்துகளையும் அது கரைத்துவிடும். அசிட்டோனும் பெயிண்ட் கடை என்.சி. தின்னரும் கேமரா இருக்கும் மேஜைக்கே வர வேண்டாம். கருப்பு பெயிண்ட், பிளாஸ்டிக், ஃபிலிம் கவுன்ட்டர் ஜன்னல் எல்லாவற்றையும் ஒரே தொடலில் மழுங்கடிக்கும். அமோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் அனோடைஸ் நிறத்தை வெளுக்கும். எதுவானாலும் அடித்தட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள்.

இன்னொன்று, பித்தளை பாலிஷ். எழுத்துப் பக்கத்தில் அதைத் தேய்த்திருந்தால் வெள்ளைப் பொடி பள்ளத்தில் காய்ந்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்குப் பழைய பெயிண்ட் மாதிரியே இருக்கும். அதன் மேல் பெயிண்ட் நிரப்பினால் ஒரு மாதத்தில் பொடியோடு சேர்ந்து கழன்று வரும். குச்சியால் குத்திப் பாருங்கள், மாவாக வந்தால் பாலிஷ்.

டயலைச் சுத்தம் செய்யும்போது கேமராவைக் கவிழ்த்து, டயல் தரையைப் பார்க்கப் பிடியுங்கள். சால்வென்ட் வழிந்தால் வெளியே வழியட்டும், தண்டின் வழியே உள்ளே போகக்கூடாது. உள்ளே போனால் அங்குள்ள க்ரீஸைக் கரைத்துக்கொண்டு போய் வேறெங்காவது விடும். லென்ஸில் இது இன்னும் மோசம். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறினால் அவை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பேச்சு எழுத்தைப் பற்றி இருக்காது. முன் மூடி, பின் மூடி இரண்டும் போட்டு, லென்ஸைப் படுக்கவைத்துச் செய்யுங்கள்.

கழற்ற வேண்டாம். ஜப்பானிய கேமராக்களின் திருகுகள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்) வகை. சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை மழுங்கும். எழுத்துக்காக அந்த அபாயம் தேவையே இல்லை.

லூப்பத்து:

மேலே சொன்னது அத்தனையும் சரி. பெயிண்ட் பக்கம் நான் சொல்றேன்.

எனாமல். ஆயில் அடிப்படையிலான சாதாரண சிந்தெடிக் எனாமல், க்ளாஸ். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ஏசியன் பெயிண்ட்ஸ் அப்கோலைட் சின்ன டின் போதும். மாடல் கட்டுறவங்க வாங்குற ஹம்ப்ரால் கிடைச்சா இன்னும் நல்லது, அதுல பிக்மென்ட் நுணுக்கமா அரைச்சிருக்கும். ஹம்ப்ரால்ல 22 க்ளாஸ் வெள்ளை, 19 க்ளாஸ் சிவப்பு, 18 க்ளாஸ் ஆரஞ்சு. மேட் வாங்காதீங்க. பழைய எழுத்து மேட்டாத்தானே இருக்குன்னு 34 வாங்குவாங்க. மேட் பெயிண்ட்ல பளபளப்பைக் கொல்றதுக்குன்னே ஒரு பொடி கலந்திருக்கும். அது நுணுக்கமான எழுத்துக்குள்ள ஓடாது, துடைச்சா சுத்தி சாம்பல் பூக்கும், ஆறு மாசத்துல அழுக்கு புடிக்கும். க்ளாஸ் போட்டா அவ்வளவு சின்ன எழுத்துல பளபளப்பு கண்ணுக்கே தெரியாது.

டப்பாவை ஆட்டாம மூடியைத் திறந்து அடியில இருந்து குச்சியால கிளறுங்க. ஆட்டினா குமிழ் வரும், 8லயும் 0லயும் அந்தக் குமிழ் போய் உட்காரும், காஞ்ச பிறகு ஊசிமுனை ஓட்டையா தெரியும்.

பிரிசம் பெயர் மாதிரி பெரிய எழுத்துக்கு பெயிண்ட்டைக் கலக்காம அப்படியே போடலாம். குச்சி முனையால பள்ளம் நிரம்பி கொஞ்சம் மேலே புடைச்சு நிக்கிற அளவு வைங்க. டயல் எண்ணுக்கும் லென்ஸ் எண்ணுக்கும் அது ஆகாது, மேலேயே பாலம் கட்டிடும், அடியில காத்து இருக்கும். அங்க நாலு பங்கு பெயிண்ட்டுக்கு ஒரு பங்கு மினரல் டர்பென்டைன் கலந்து நல்லெண்ணெய் பதத்துக்குக் கொண்டு வாங்க. 10/0 பிரஷ்ஷோ, நுனி மழுக்கின இன்சுலின் ஊசியோ எடுத்து எண்ணோட ஒரு மூலையில மட்டும் ஒரு பொட்டு தொடுங்க. பெயிண்ட் தானா பள்ளத்துல ஓடும். 5க்கு வயித்துல ஒரு பொட்டு, 2க்கு கீழ்க்கோட்டுல ஒரு பொட்டு. ஓடாம நின்னா பள்ளத்துல இன்னும் எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். நிறுத்திட்டு நாஃப்தாவுக்குத் திரும்பிப் போங்க, இன்னொரு பொட்டு வைக்காதீங்க.

டயல் முழுக்க ஒரே மூச்சுல பண்ணாதீங்க. மூணு எண், துடை, அடுத்த மூணு.

நிறம்: டப்பா வெள்ளை பழைய கேமராவுல கண்ணைக் குத்தும். பக்கத்துல தப்பிச்ச எழுத்து எப்படி இருக்குன்னு பாருங்க, லேசான க்ரீம் நிறம். அரை ஸ்பூன் வெள்ளையில குச்சி முனை அளவு மஞ்சள், அதுலயும் பாதி அளவு ப்ரவுன். ஒரு வெள்ளைத் தட்டுல இல்ல, கருப்பு அட்டையில தடவிப் பாருங்க. காஞ்ச பிறகு இன்னும் கொஞ்சம் மஞ்சளாகும், அதனால ஒரு படி வெளுப்பாவே நிறுத்துங்க.

சிவப்பு, மஞ்சள், நீலம் இதுல ஒரு சங்கதி இருக்கு. கருப்பு மேல சிவப்பு போட்டா காஞ்சதும் ரத்தக் கட்டு மாதிரி இருண்டுடும், நீலம் காணாமலே போயிடும். அந்த நிறங்கள்ல ஒளி ஊடுருவுது, அடியில இருக்கிற கருப்பு தின்னுடும். முதல்ல மெல்லிசா வெள்ளை நிரப்புங்க, 24 மணி நேரம் விடுங்க, அதுக்கு மேல நிறத்தை விடுங்க. வெள்ளை பள்ளத்துல பாதி உயரம்தான் இருக்கணும். விளிம்பு வரைக்கும் வந்துட்டா மேலே நிறம் நிக்க இடம் இல்ல, முதல் துடைப்புலயே போயிடும். நீலத்துக்கு மட்டும் அதுக்குப் பதிலா மூணுல ஒரு பங்கு வெள்ளை கலந்தும் போடலாம். சிவப்புல வெள்ளை கலந்தா ரோஸ் ஆயிடும், அங்க அடிப்பூச்சுதான் வழி.

ரோல்36:

விவரமாகச் சொன்னதற்கு நன்றி. நாஃப்தாவில் லென்ஸைத் துடைத்ததில் 11 மஞ்சளாகவும் 16 நீலமாகவும் வெளியே வந்துவிட்டன. 22 மட்டும் பெரிய வரிசை, சின்ன வரிசை இரண்டிலுமே காலி. அதையும் வெள்ளையாகவே நிரப்பிவிடலாமா?

பித்தளைவிளிம்பு:

வெள்ளை வேண்டாம், அது ஆரஞ்சு. நிக்கானின் முந்தைய ஏஐ வகை லென்ஸையும் அதற்குப் பின் வந்த ஏஐ-எஸ் லென்ஸையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல உதவும் அடையாளங்களில் அது ஒன்று. ஏஐ-எஸ்ஸில் மிகச் சிறிய துளையின் எண் இரண்டு வரிசையிலும் ஆரஞ்சில் இருக்கும். வெள்ளை அடித்துவிட்டால் அடுத்து வாங்குகிறவர் ஏஐ என்று நினைப்பார், இல்லை வளையம் மாற்றியிருக்கிறது என்று சந்தேகப்படுவார்.

மற்ற எண்களின் நிறம் குழம்பினால் ஊகிக்க வேண்டாம். விடை லென்ஸிலேயே இருக்கிறது. அபர்ச்சர் வளையத்துக்கு மேலே உள்ள வெள்ளி வளையத்தில் புலத்தின் ஆழத்தை (எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை படம் தெளிவாக விழும் என்பதை) காட்டும் கோடுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். எண்ணின் நிறமும் அதற்குரிய கோட்டின் நிறமும் ஒன்றே. 11 மஞ்சள் என்றால் அதன் இரண்டு கோடுகளும் மஞ்சள். அந்தக் கோடுகளைக் கை அவ்வளவாகத் தொடுவதில்லை, நிறம் பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்துக் கலக்குங்கள்.

சின்ன வரிசை மவுண்ட்டுக்கு (லென்ஸ் கேமராவில் மாட்டும் இடம்) மிக அருகில் இருக்கிறது. வ்யூஃபைண்டரில் துளை எண்ணைக் காட்டும் கேமராக்கள் படிப்பது அந்த வரிசையைத்தான், எஃப்எம்மும் அப்படித்தான். எழுத்து மிகச் சிறியது, அங்கே ஊசிப் பொட்டு முறை மட்டுமே செல்லும். பெயிண்ட் வழிந்து வளையத்துக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கினால் வளையம் ஒட்டிக்கொள்ளும். இடுக்கில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒன்றை மெல்லிய பட்டையாகக் கிழித்து ஒட்டிவிடலாம்.

துடைப்பதைப் பற்றி யாரும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பெயிண்ட் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் மேல்தோல் கட்டத் தொடங்கும். அதற்குச் சற்று முன் துடைக்க வேண்டும். டிஷ்யூவும் பஞ்சும் மிருதுவானவை, பள்ளத்துக்குள் இறங்கி நடுவில் இருப்பதையும் உறிஞ்சி எடுத்துவிடும். எழுத்து பிறகு குழிந்து, ஓரத்தில் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதனால் தட்டையும் விறைப்பும் உள்ள ஒன்று வேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டைச் சுற்றி பழைய பனியன் துணியை ஒரே ஒரு மடிப்பாக இழுத்துப் பிடியுங்கள், சுருக்கம் இருக்கக்கூடாது. கார்டின் விளிம்பை எழுத்துக் கோட்டுக்குக் குறுக்காக, சாய்வாக வைத்து ஒரே இழுப்பு. துணியின் புதிய இடத்துக்கு மாறி அடுத்த இழுப்பு. ஒரே இடத்தால் இரண்டு முறை துடைத்தால் எடுத்த பெயிண்ட்டைத் திரும்பப் பூசுகிறீர்கள்.

பிரிசத்தின் முகப்பு தட்டையாக இருப்பதால் கார்டு பொருந்தும். லென்ஸ் வளையம் வளைவு; அங்கே கார்டுக்குப் பதில் விசிட்டிங் கார்டை அப்படியே, துணி இல்லாமல், வளைவோடு இழுங்கள். காகிதமே வழிந்ததை உறிஞ்சிக்கொள்ளும்.

மேடான பட்டைகளுள்ள டயலில் எண்கள் மேல்முகத்தில்தான் இருக்கின்றன, அங்கே கவலையில்லை. பக்கவாட்டுப் பட்டைகளில் பெயிண்ட் ஒழுகினால் காயவிட்டு மரக்குச்சியால் சீவி எடுங்கள். ஈரமாகத் துடைத்தால் எல்லாப் பட்டைக்கும் பரவும்.

க்ரேயான்காரன்:

இவ்வளவு பெரிய வேலையா இது? வெள்ளை மெழுகு க்ரேயானை எழுத்து மேல தேய்ச்சு, ஹேர் டிரையர்ல சூடு காட்டி, துணியால துடைச்சா அஞ்சு நிமிஷம். பிடிக்கலைன்னா எடுத்துடலாம், கெமிக்கலும் இல்ல. நெயில் பாலிஷும் ஒண்ணும் மோசமில்ல, வீட்லயே இருக்கு, சீக்கிரம் காயுது.

லூப்பத்து:

க்ரேயான் கண்காட்சி அலமாரியில வைக்கிற கேமராவுக்கு ஓகே. தினமும் கையில எடுக்கிறதுக்கு ஆகாது. மெழுகு கெட்டியாகிறதே இல்ல, கை சூட்டுக்கே இளகும், இளகினா தூசியைப் புடிச்சுக்கும். வெள்ளையாப் போட்டது ரெண்டு மாசத்துல சாம்பல். ஏப்ரல் மாச வெயில்ல கார்ல விட்டுட்டா கேமரா முழுக்க ஒரு வழவழப்பு. சரி, எடுத்துடலாம்கிறது உண்மை, அதை ஒத்துக்கிறேன். ஆனா ஹேர் டிரையரை மட்டும் லென்ஸ் பக்கம் காட்டாதீங்க. ஃபோகஸ் பண்ற ஹெலிகாய்ட் மரையில இருக்கிற க்ரீஸோட எண்ணெய் சூட்டுல பிரிஞ்சு நகர்ந்து அபர்ச்சர் இதழுக்குத்தான் போகும். வெறும் க்ரேயானை அழுத்தித் தேய்ச்சாலே பள்ளத்துல ஏறும், சூடு தேவையே இல்ல.

இன்னொரு விளைவும் இருக்கு. பின்னாடி எனாமல் போடணும்னு மனசு மாறினா பள்ளத்துல இருக்கிற மெழுகை முழுசா எடுக்கிறது பெரும்பாடு. துளி மிச்சம் இருந்தாலும் எனாமல் ஒட்டாது, செதில் செதிலா வரும்.

நெயில் பாலிஷ்ல சிக்கல் காயுற வேகம்தான். அதுல இருக்கிறது எத்தில் அசிட்டேட் மாதிரி சீக்கிரம் ஆவியாகிற சால்வென்ட். துடைக்க நேரம் வர்றதுக்குள்ள தோல் கட்டிடும், துடைச்சா எழுத்துக்குள்ள இருக்கிறதும் நூல் மாதிரி சேர்ந்து இழுத்துட்டு வந்துடும். அதே சால்வென்ட் பிளாஸ்டிக்கையும் சில லாக்கரையும் கடிக்கும். எடுக்கணும்னா அசிட்டோன் வேணும், அது கேமராவோட கருப்பையும் சேர்த்து எடுக்கும். ஒரு தப்பு பண்ணினா திரும்பி வர வழி இல்லாத பொருள் எதுக்கு?

ஒயிட்னரைப் பத்தி யாரும் பேசலை, நான் சொல்லிடறேன். சுண்ணாம்பு மாதிரி காஞ்சு வெடிச்சு பொடியா உதிரும். டயலுக்குப் பக்கத்துல பொடி உதிர்ற எதையும் போடாதீங்க.

அக்ரிலிக் பத்தியும் கேப்பீங்க. தண்ணி ஆவியாகும்போது கன அளவு குறையும், எழுத்து குழியா அமுங்கிடும். ரெண்டு மூணு தடவை நிரப்பணும். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் ரப்பர் மாதிரி உரிஞ்சு வரும். முடியாதுன்னு இல்ல, எனாமல் இருக்கும்போது எதுக்குன்னுதான்.

கைப்பழக்கம் இல்லாதவங்களுக்கு ஓவியர்கள் பயன்படுத்துற ஆயில் கலர் ட்யூபைச் சொல்வேன். டைட்டானியம் வெள்ளை. எனாமல் பதினஞ்சு நிமிஷம் குடுக்கும், இது மணிக்கணக்குல குடுக்கும். பிடிக்கலைன்னா டர்பென்டைன் தொட்ட துணியால மொத்தமா எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். விலை என்னன்னா பொறுமை: தொட்டா ஒட்டாம இருக்கவே ஒரு வாரம் ஆகும், மழைக்காலத்துல இன்னும் அதிகம்.

ஷட்டர்திரை:

ஜோர்க்கி-4 பற்றி நான் சொல்கிறேன், அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஷட்டரை ஏற்றாமல் (அடுத்த படத்துக்குத் தயாராக்காமல்) ஜோர்க்கியின் வேக டயலைத் திருப்பாதீர்கள். சுத்தம் செய்யும் மும்முரத்தில் டயலை இப்படி அப்படித் திருப்புவோம், அதில்தான் உள்ளே பாகம் சேதமாகும். ஃபிலிம் ஏற்றும் குமிழைச் சுற்றி ஷட்டரை ஏற்றிவிட்டு, டயலைத் தூக்கித் திருப்புங்கள்.

ஜோர்க்கி-4 க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை வந்தது. முந்தியவற்றில் வேக எண்கள் பொறித்தவை, பிந்தியவற்றில் மேலே அச்சிட்டவை. உங்களுடையதில் எண்கள் 'அழிந்துவிட்டன' என்கிறீர்கள், பள்ளம் என்று சொல்லவில்லை. அநேகமாக அச்சு. அப்படியானால் மேலே இரண்டு பேர் சொன்ன எதுவும் செல்லாது. நிரப்ப இடமே இல்லை. நாஃப்தாவில் அழுத்தித் தேய்த்தால் மிச்சம் இருப்பதும் போகும். முதல் காரியமாக இப்போது தெரிகிற எண்களை நேர் மேலிருந்து, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் அது வேண்டும்.

வழிகள் மூன்று. கையால் எழுதுவது: 000 பிரஷ், எனாமல், லூப். நேர்கோடுள்ள 1 சரியாக வரும், 2, 5, 8 காட்டிக்கொடுக்கும். இவ்வளவு சிறிய டயலில் கை எழுத்து எப்போதும் கை எழுத்தாகத்தான் தெரியும்.

இரண்டாவது, வாட்டர்ஸ்லைடு டெக்கால், அதாவது மெல்லிய ஃபிலிமில் அச்சடித்து, தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் ஸ்டிக்கர். உலோகத்தில் கருப்பு எண் என்பதால் சாதாரண லேசர் பிரிண்டரிலேயே அச்சடிக்கலாம். கருப்பு உலோகத்தில் வெள்ளை எண் வேண்டுமானால் அது நடக்காது, வெள்ளை டோனர் உள்ள இயந்திரம் வேண்டும். எண்ணைச் சுற்றி ஒட்ட வெட்டுங்கள், ஏனென்றால் ஃபிலிமின் விளிம்பு வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். ஒட்டிக் காய்ந்ததும் மெல்லிய க்ளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) இரண்டு முறை. க்ளியர் இல்லாமல் விட்டால் விரல் படும் டயலில் சில வாரம்கூடத் தாங்காது.

மூன்றாவதுதான் என் பரிந்துரை: டயலைக் கழற்றி, கோப்பை, பெயர்ப்பலகை பொறிக்கும் கடையில் எண்களைப் பொறித்து வாங்குவது. பொறித்துவிட்டால் பிறகு எனாமல் நிரப்பலாம், ஆயுசுக்கும் நிற்கும். டயல் பக்கவாட்டில் மூன்று சிறிய தலையில்லாத் திருகுகளால் தண்டில் பிடித்திருக்கும். தளர்த்தும் முன் ஷட்டரை ஏற்றி, ஒரு வேகத்தில் வைத்து, டயலின் அடையாளப் புள்ளியும் தண்டும் எப்படி நிற்கின்றன என்று படம் எடுங்கள். டயல் தண்டில் எந்த நிலையிலும் ஏறும். தவறான நிலையில் ஏற்றினால் டயல் 125 என்று காட்டும், ஷட்டர் வேறொன்று செய்யும், முதல் ரோல் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

இதற்கெல்லாம் மனமில்லையென்றால் அப்படியே விட்டுவிடுவதும் ஒரு வழிதான். அது பயன்பாட்டுக் கேமரா.

ரோல்36:

எஃப்எம் பிரிசத்தில் எனாமல் போட்டுத் துடைத்தாகிவிட்டது. எழுத்து நன்றாக நிரம்பியிருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள கருப்பில் ஒரு மெல்லிய வெண்படலம். நேராகப் பார்த்தால் தெரியவில்லை, சாய்த்தால் தெரிகிறது. காய்ந்து நான்கு மணி நேரம் ஆகிறது. என்ன செய்யலாம்?

பித்தளைவிளிம்பு:

எதிர்பார்த்ததுதான். கருப்பு பெயிண்ட்டின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பானதல்ல. அதன் நுண்ணிய சொரசொரப்பில் வெள்ளை தங்கியிருக்கிறது. இன்று தொடாதீர்கள். எழுத்துக்குள் இருப்பது இன்னும் மென்மையாக இருக்கிறது, படலத்தைக் கரைக்கப் போனால் அதுவும் கரையும். நாளை இதே நேரம்வரை விடுங்கள். படலம் மிக மெல்லியது, சால்வென்ட் பட்டதும் இளகும். எழுத்துக்குள் இருப்பது தடிமன், ஒரு நாள் காய்ந்திருந்தால் நொடிப்பொழுது ஈரத்துக்குத் தாங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் பயன்படுத்துகிறோம்.

கார்டு, பனியன் துணி, அதே ஏற்பாடு. இந்த முறை துணியில் நாஃப்தா ஒரு துளி, கையில் தட்டி ஆவியாகவிட்டு, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் இழுங்கள். டர்பென்டைன் வேண்டாம், அது மெதுவாக ஆவியாகும், அதற்குள் எழுத்தின் விளிம்பை இளக்கிவிடும். எழுத்தைத் தாண்டும்போது அழுத்தத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று இழுப்பில் போகாவிட்டால் நிறுத்தி, மறுநாள் பாருங்கள்.

எழுத்து கொஞ்சம் அமுங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள், எனாமலும் சற்றுச் சுருங்கும். இரண்டாவது முறை நிரப்பிச் சரிசெய்யலாம். ஆனால் படலத்தை எடுத்த பிறகு, முன்னால் இல்லை.

லூப்பத்து:

ஒண்ணு சேர்த்துக்கோங்க. குரோம் பாடியில கருப்பு நிரப்பினாலும் இதே கதைதான், அங்க சாட்டின் குரோமோட மணல் மாதிரி சொரசொரப்புல கருப்பு தங்கி எழுத்தைச் சுத்தி நிழல் மாதிரி நிக்கும். அங்க மட்டும் நிரப்பறதுக்கு முன்னாடியே சுத்தி கார்னௌபாங்கிற பனை மெழுகை பட்ஸ்ல மெல்லிசா தடவி விடலாம். பள்ளத்துக்குள்ள மட்டும் போகக்கூடாது.

முடிச்ச பிறகு எழுத்து மேல க்ளியர் கோட் அடிக்கணுமான்னு அடுத்து கேப்பீங்க. பொறிச்ச எழுத்துக்கு வேண்டாம். பள்ளமே அதுக்குப் பாதுகாப்பு. மூணு நாள் கை படாம வைங்க, ஒரு வாரம் வரைக்கும் தோல் பையில போடாதீங்க. பை அழுத்தத்துல இளசான எனாமல் தோல்ல ஒட்டி உரிஞ்சு வரும்.

ரோல்36:

புரிந்தது, நாளை மாலை வரை தொடமாட்டேன். கடைசியாக ஒன்று. பின்பக்கம் சீரியல் எண்ணும் மங்கல்தான். அதையும் நிரப்பிவிடலாமா?

பித்தளைவிளிம்பு:

நாஃப்தாவில் சுத்தம் செய்வதோடு நிறுத்துங்கள். புதிதாக வெள்ளை நிரப்பிய சீரியல் எண்ணைப் பார்த்தால் மேல்மூடி மாற்றியதோ, எண்ணைத் திருத்தியதோ என்று வாங்குகிறவருக்கு முதலில் தோன்றும். படிக்க முடிகிறது என்றால் அதுவே போதும். பிரிசத்தையும் டயலையும் நிரப்பியதை விற்கும்போது சொல்லிவிடுங்கள். ஓரங்களில் கருப்பு தேய்ந்து பித்தளை தெரிகிறது என்றால் அதன் மேல் டச்-அப் பேனா வைக்காதீர்கள், அதை அப்படியே விரும்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.